மீன் பிடிக்காத கடலுக்கு யார் பணம் தருவது?

பிலிப்பைன்ஸில் செபு தீவின் தென்கோடிக்கு அருகே சுமிலோன் என்றொரு சிறு தீவு இருக்கிறது. 1974-ல் அதைச் சுற்றியுள்ள பவளப்பாறையில் ஏறத்தாழக் கால் பங்கை மீன்பிடிக்கு மூடினார்கள். டுமாகேட்டே நகரிலுள்ள சில்லிமான் பல்கலைக்கழகமும், அங்கே உயிரியலாளராக இருந்த ஏஞ்சல் அல்காலாவும் எடுத்த முயற்சி அது. மீதி முக்கால் பங்கில் மீனவர்கள் வழக்கம்போலத் தொழில் செய்தார்கள். பத்தாண்டுகள் இப்படிப் போயின. 1984-ல் உள்ளூர் நிர்வாகத்தோடு ஏற்பட்ட பிணக்கில் தடை குலைந்தது. மூடிவைத்த பகுதிக்குள்ளும் வலைகள் இறங்கின, வெடியும் வைத்தார்கள். இப்போது மீன் பிடிக்கக் கிடைத்த பரப்பு முன்பைவிட அதிகம். ஆனால் பதினெட்டு மாதங்களில் மொத்த மீன்பாடு பாதிக்கும் கீழே இறங்கியது. 1983–84-ல் கிடைத்ததைவிட 1985–86-ல் 54 சதவீதம் குறைவு.

கடல் பாதுகாப்பின் பொருளாதாரத்தைப் பேசும்போது நான் எப்போதும் சுமிலோனிலிருந்தே தொடங்க விரும்புவேன். இந்தத் துறையில் புழங்கும் எண்களில் பெரும்பாலானவை மதிப்பீடுகள். ‘பாதுகாக்காமல் விட்டிருந்தால் இவ்வளவு போயிருக்கும்’ என்று கணித்துச் சொல்பவை. சுமிலோனில் அப்படி எதையும் கணிக்க வேண்டியிருக்கவில்லை. பாதுகாப்பு இருந்தது, பிறகு இல்லாமல் போனது, இரண்டு காலத்திலும் கரைக்கு வந்த மீனை எடைபோட்டு எழுதி வைத்திருந்தார்கள். நாசமாகப் போன ஒரு காப்பகம் விட்டுச்சென்ற சான்று அது. நல்லபடியாக நடந்திருந்தால் இவ்வளவு தெளிவாக நமக்குத் தெரிந்திருக்காது.

மூடிய கால் பங்கு மற்ற முக்கால் பங்கை எப்படி வளர்த்தது? வளர்ந்த மீன்கள் உள்ளே நெரிசல் கூடும்போது எல்லை தாண்டி வெளியே வருகின்றன. அது ஒரு வழி. இன்னொரு வழி முட்டை. மீன்களின் விஷயத்தில் உடல் பெருக்கும் விகிதத்தைவிட முட்டை பெருக்கும் விகிதம் அதிகம். அட்லாண்டிக் காட் மீனில் 30 கிலோ எடையுள்ள ஒரே ஒரு தாய் மீன், இரண்டிரண்டு கிலோ எடையுள்ள 28 தாய் மீன்கள் சேர்ந்து இடுவதைவிட அதிகமாக முட்டையிடும் என்று 2018-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த 28 மீன்களின் மொத்த எடை 56 கிலோ. தூண்டிலும் வலையும் முதலில் கொண்டுபோவது இந்தப் பெரிய தாய் மீன்களைத்தான். அவை முதுமை வரை வாழ ஓரிடம் விட்டுவைத்தால், அங்கிருந்து நீரோட்டம் சுமந்துபோகும் குஞ்சுகள் யார் வலையில் வேண்டுமானாலும் விழலாம்.

‘யார் வலையில் வேண்டுமானாலும்’ என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பாதுகாப்பினால் வரும் பலன் பரவலாகப் போய்ச் சேர்கிறது. இழப்போ அன்றுவரை அந்த இடத்தில் மீன் பிடித்த சில குடும்பங்கள் மீது மொத்தமாக விழுகிறது. அதுவும் இழப்பு இன்றைக்கு, பலன் சில ஆண்டுகள் கழித்து.

பெர்முடா தீவுகளின் கணக்கைப் பார்த்தால் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 2010-ல் வெளியான ஒரு விரிவான ஆய்வு, அங்குள்ள பவளப்பாறைகளின் ஆண்டு மதிப்பு 722 மில்லியன் டாலர் என்று கணித்தது. அத்தீவுகளின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12 சதவீதத்துக்கு ஈடான தொகை. இதில் சுற்றுலா சுமார் 406 மில்லியன். கரையைப் புயலலையிலிருந்து காப்பது 266 மில்லியன். மீன்பிடியின் பங்கு ஐந்து மில்லியன்கூட முழுதாக இல்லை. ஆக, பாறை உயிரோடு இருப்பதால் பெரும் பயன் அடைவது விடுதிக்காரரும் கரையோர வீட்டுக்காரரும். பாறையைக் காப்பதற்காகக் கையைக் கட்டிக்கொள்ளச் சொல்லப்படுவது மீனவர்.

அந்த 266 மில்லியனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தீவுகளின் வரவுசெலவுத் திட்டத்தில் இந்தக் கணக்கு எங்கும் இருப்பதில்லை. திறந்த கடலிலிருந்து வரும் அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைப் பவளப்பாறை தணித்துவிடுகிறது என்று உலகெங்கும் நடந்த அளவீடுகளைத் தொகுத்த 2014-ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. அதிலும் பாறையின் முகட்டு விளிம்பு மட்டுமே 86 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அதாவது நீர்மட்டத்தை ஒட்டி நிற்கும் மேற்பகுதிதான் வேலையின் பெரும்பங்கைச் செய்கிறது. 2018-ல் வந்த இன்னோர் ஆய்வு இதற்குப் பணக்கணக்கு போட்டது: உலகின் பவளப்பாறைகள் உச்சியில் ஒரே ஒரு மீட்டர் உயரத்தை இழந்தால், ஆண்டுதோறும் வெள்ளத்தால் வரும் சேதம் இரட்டிப்பாகும், அடிக்கடி வரும் சாதாரணப் புயல்களின் சேதம் மூன்று மடங்காகும். இப்போது அந்தப் பாறைகள் தடுத்துவரும் சேதம் ஆண்டுக்கு நான்கு பில்லியன் டாலர்.

இந்த வேலைக்குப் பாறை யாரிடமும் கூலி கேட்பதில்லை. அது போன பிறகுதான் அரசுக்குச் செலவு தெரிகிறது. மாலத்தீவில் வீடு கட்டவும் துறைமுகம் கட்டவும் நீண்ட காலம் பவளக்கல்லையே வெட்டினார்கள்; மாலே நகரம் பாறைத் தளத்தின் மேலேயே கடலைத் தூர்த்து விரிந்தது. 1987-ல் பேரலைகள் நகருக்குள் புகுந்தன. பிறகு ஜப்பானின் உதவியோடு நான்கு கைகள் நீட்டிய கான்கிரீட் கற்களை அடுக்கித் தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டியிருந்தது. அந்தச் சுவர் தானாக வளராது, உடைந்தால் தானாகக் கூடாது, அதில் மீன் முட்டையிட்டுப் பெருகவும் போவதில்லை.

மணல் இன்னொரு கணக்கு. பவளத் தீவுகளில் காலடியில் இருக்கும் தரையே உயிரினங்கள் செய்து கொடுத்தது. மாலத்தீவின் வக்காரு தீவைச் சுற்றி 2015-ல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே புதிதாக உருவாகும் மணலில் 85 சதவீதத்துக்கும் மேல் கிளிமீன்கள் செய்தது என்று கண்டது. இந்த மீன் பவளப்பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்னும்போது சுண்ணாம்பையும் சேர்த்துக் கடிக்கிறது. அரைத்து, வெண்மணலாக வெளியேற்றுகிறது. வெண்மணல் கடற்கரையைக் காட்டித்தான் அந்நாடு சுற்றுலாப் பயணிகளை அழைக்கிறது. சந்தையில் ஒரு கிளிமீனின் விலை அதன் இறைச்சிக்கு மட்டுமே. அது செய்யும் மணலுக்கும், பாசியை மேய்ந்து பாறையைச் சுத்தமாக வைத்திருப்பதற்கும் விலை போடும் சந்தை எதுவும் இல்லை.

இப்படி விலையில்லாத பொருளுக்கு விலை காட்ட முயலும்போது சில எண்கள் அளவுக்கு மீறிப் புகழ்பெற்றுவிடுகின்றன. பசிபிக்கிலுள்ள பலாவ் நாட்டுச் சுறாவின் எண் அப்படிப்பட்டது. அங்கே முக்குளிப்பவர்கள் போகும் முக்கியமான இடங்களில் சுமார் நூறு சுறாக்கள் இருந்தன. அவற்றைப் பார்க்க வருவோரால் நாட்டுக்கு ஆண்டுக்கு 18 மில்லியன் டாலர் கிடைத்தது, அது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எட்டு சதவீதம் என்று 2011-ல் வெளியான ஆய்வு சொன்னது. வகுத்துப் பார்த்தால் ஒரு சுறாவுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1.8 லட்சம் டாலர்; அதன் வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்தால் 1.9 மில்லியன் டாலர். கொன்று விற்றால் 108 டாலர். அரசியல்வாதிகளை அசைக்க இது உதவியது, அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் இது சராசரி. நூற்றியொன்றாவது சுறா வந்தால் நாட்டுக்கு இன்னொரு 1.9 மில்லியன் வந்துவிடாது. மறுபக்கம், பாதிச் சுறாக்கள் போனால் வருமானம் பாதியோடு நிற்காது. பார்க்க ஒன்றுமில்லை என்ற பேச்சு பரவினால் முழுதும் போகலாம். இயற்கையின் மதிப்பை ஒரு தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டுச் சொல்வது விளம்பரத்துக்கு உதவும், திட்டமிட உதவாது.

சுற்றுலா எண்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பயணி செலவழிக்கும் டாலர் முழுவதும் தீவில் தங்குவதில்லை. விமானக் கட்டணம் வேறு நாட்டு நிறுவனத்துக்கு, விடுதி லாபம் வேறு நாட்டு முதலாளிக்கு, தட்டில் வரும் உணவுகூடப் பல இடங்களில் இறக்குமதி. ‘சுற்றுலா மதிப்பு இத்தனை மில்லியன்’ என்ற வரியைப் படிக்கும்போதெல்லாம் அதில் எவ்வளவு தீவுக்காரர் கைக்கு வந்தது என்று கேட்பதுதான் நியாயம்.

கரீபியனில் பொனேர் தீவு இந்தக் கேள்விக்கு எளிமையான ஒரு வழி கண்டது. தீவைச் சுற்றியுள்ள கரையோரக் கடல் முழுவதையும் 1979-லேயே பூங்காவாக அறிவித்திருந்தார்கள், ஆனால் நடத்தப் பணமில்லாமல் அது பெயரளவில் கிடந்தது. 1992 முதல் முக்குளிக்க வரும் ஒவ்வொருவரிடமும் ஆண்டுக்குப் பத்து டாலர் வாங்கத் தொடங்கினார்கள். ஆள் வராமல் போய்விடுவார்களோ என்று முக்குளிப்புத் தொழில் செய்வோர் அஞ்சினார்கள். வந்தவர்களிடம் விசாரித்தபோது பெரும்பாலோர் அதைவிடக் கூடுதலாகவும் தரத் தயாராக இருந்தார்கள். அந்தப் பணம் பூங்காவுக்கே போனது என்பது முக்கியம். கட்டணம் எங்கே போகிறது என்று தெரிந்தால் கொடுப்பவருக்கும் மனம் வருகிறது.

பணம் போகும் பாதை எவ்வளவு முக்கியம் என்பதைச் சுமிலோனுக்குப் பக்கத்துத் தீவான ஆப்போவில் பார்க்கலாம். முக்கால் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள எரிமலைத் தீவு அது. சுமிலோனில் குடியிருப்பவர் யாருமில்லை. ஆப்போவில் ஊர் இருந்தது. அல்காலாவும் அவர் குழுவினரும் 1970-களின் இறுதியில் அங்கே போய்ப் பேசத் தொடங்கினார்கள். மீனவர்கள் சிலரைச் சுமிலோனுக்கே அழைத்துப் போய், மூடிய பகுதியில் திரளும் மீனைக் கண்ணால் பார்க்கச் செய்தார்கள். 1982-ல் சில குடும்பங்கள் ஒத்துக்கொண்டு, கரையோரமாகச் சுமார் 450 மீட்டர் நீளத்தை மூடின. வெடி, சயனைடு, பாறையைத் தட்டி மீனை விரட்டும் வலை ஆகியவை தீவைச் சுற்றி எங்குமே கூடாது என்று முடிவாயிற்று. காவலும் ஊராருடையதே. இதைக் கொண்டுவந்தது பல்கலைக்கழகம் என்றாலும் காத்தது அந்த ஊர். சுமிலோனில் இல்லாமல் போனது அதுதான்.

பதினெட்டு ஆண்டுகளில், அங்கே அதிகம் பிடிபடும் பாரை இனமும் பாசி மேயும் இன்னொரு மீன் குடும்பமும் காப்பகத்துக்குள் மூன்று மடங்காகப் பெருகின. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. தூண்டில் மீனவர்கள் கடலில் செலவழித்த உழைப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது, மீன்பாடு குறையவில்லை. அதே மீனை வீட்டுக்குப் பக்கத்திலேயே, குறைந்த நேரத்தில், குறைந்த ஆபத்தோடு பிடிக்க முடிந்தது. மிச்சமான நேரத்தில் ஒருவர் வேறு வேலை பார்க்கலாம், பிள்ளைகளோடு இருக்கலாம். எந்த மதிப்பீட்டு அறிக்கையிலும் இது மில்லியன் டாலராக வருவதில்லை. ஒரு மீனவக் குடும்பத்திடம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

1994-ல் ஆப்போ தேசிய அளவிலான பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்கீகாரம் நல்லதுதான். ஆனால் அதோடு முடிவெடுக்கும் அதிகாரம் ஊரை விட்டு ஒரு வாரியத்துக்குப் போனது, பார்வையாளர் கட்டணம் தேசியக் கருவூலத்தின் வழியாகச் சுற்றித் தீவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. முறைவைத்துக் காவல் காத்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு சிறு தீவின் காப்பகத்தைத் தலைநகரத்துக் கணக்கில் சேர்ப்பது, அதைக் காக்கும் ஊக்கத்தை வேரிலேயே கரைப்பதாகும். திரும்பி வரும் தொகை முழுதாக வந்தாலும்கூட, தாமதமும் கெஞ்சலும் அதில் சேர்ந்துவிடுகின்றன.

கரையோரப் பாறைக்கு இது சரி, ஆழ்கடலில் நூற்றுக்கணக்கான மைல் திரியும் சூரை மீனுக்கு என்ன பயன் என்ற கேள்வி நெடுங்காலம் இருந்தது. ஹவாய்த் தீவுகளின் வடமேற்கே 2006-ல் அறிவிக்கப்பட்டு 2016-ல் 15 லட்சம் சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்ட பாப்பஹானௌமொகுவாகேயா காப்பகம் அதற்கு ஒரு விடை தந்தது. அதன் எல்லைக்கு அருகே மஞ்சள்துடுப்புச் சூரை பிடிபடும் விகிதம் 54 சதவீதம் உயர்ந்ததாக 2022-ல் ஒரு ஆய்வு வெளியானது. அந்த அளவுக்குப் பெரிய காப்பகங்களுக்கு மட்டுமே இது பொருந்தக்கூடும். ஆனாலும் திரியும் மீனுக்கும் மூடிய கடலால் பலன் உண்டு என்பது இப்போது வெறும் நம்பிக்கை அல்ல.

இருந்தும் கிரிபாட்டி நாடு பின்வாங்கியது. பசிபிக்கில் பீனிக்ஸ் தீவுகளைச் சுற்றி நாலு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேலான கடலை அது பாதுகாத்தது. 2010-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 2015 ஜனவரி முதல் வணிக மீன்பிடி அங்கே முற்றிலும் நின்றது. அந்நாட்டு அரசின் வருமானத்தில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சூரைக் கப்பல்களுக்குத் தரும் உரிமத்திலிருந்து வருகிறது. இழக்கும் உரிமப் பணத்துக்கு ஈடாக ஓர் அறக்கட்டளை பணம் தர வேண்டும் என்பது தொடக்கத்தில் இருந்த எண்ணம். மீன் பிடிக்காமல் இருப்பதற்கான உரிமம் என்று வைத்துக்கொள்ளலாம். அருமையான எண்ணம். ஆனால் அந்த அறக்கட்டளைக்கு வந்த தொகை மிகச் சிறியது. 2021 நவம்பரில் அக்கடலைத் திரும்பத் திறக்கப்போவதாக அரசு அறிவித்தது. மூடியதால் உண்மையில் வருமானம் குறையவில்லை, கப்பல்கள் கிரிபாட்டியின் மற்றக் கடலுக்கு நகர்ந்தன, கட்டணம் வந்துகொண்டுதான் இருந்தது என்று வாதிட்டவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உலகமே பாராட்டிய ஒரு செயலுக்கு உலகம் தந்த விலை என்னவென்று கிரிபாட்டி கேட்டதை என்னால் குறைசொல்ல முடியவில்லை.

சேஷெல்ஸ் வேறு பாதையில் போனது. கடனில் மூழ்கியிருந்த அந்நாடு, ‘தி நேச்சர் கன்சர்வன்சி’ அமைப்பின் உதவியோடு 2016-ல் 21.6 மில்லியன் டாலர் வெளிநாட்டுக் கடனை மாற்றியமைத்தது. கடன் சுமை இலகுவானதற்கு ஈடாகக் கடலில் 30 சதவீதத்தைப் பாதுகாப்பதாக ஒப்புக்கொண்டு, 2020-ல் அதை நிறைவேற்றியும் காட்டியது. வெளிநாட்டுக்குப் போக வேண்டிய தவணையில் ஒரு பகுதி உள்ளூர் அறக்கட்டளை ஒன்றுக்குப் போய், அங்கிருந்து மீனவர் சங்கங்களுக்கும் ஆய்வுகளுக்கும் செலவானது. 2018-ல் உலக வங்கியின் துணையோடு 15 மில்லியன் டாலருக்கு கடல் வளத்தைக் காக்கவென்றே நிதி திரட்டும் உலகின் முதல் ‘நீலக் கடன்பத்திர’த்தையும் அந்நாடு வெளியிட்டது. 2023-ல் கலாபகோஸ் தீவுகளுக்காக எக்வடோர் இதே முறையில் 1.6 பில்லியன் டாலர் பெறுமான கடன்பத்திரங்களை மாற்றிக்கொண்டது. இம்முறையின் பலவீனமும் வெளிப்படையானது: கடன்பட்டிருப்பவர்தான் இதில் சேர முடியும், கடலில் எந்தப் பகுதியை மூடுவது என்ற பேச்சில் கடன் கொடுத்தவரின் நாற்காலியும் போடப்படுகிறது.

பலாவ் தன் பயணிகளையே நம்பியது. 2018 முதல் வருகிற ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணியின் விமானச் சீட்டிலும் நூறு டாலர் சுற்றுச்சூழல் கட்டணம் சேர்ந்துவிடுகிறது. அதில் ஒரு பங்கு மாநிலங்களுக்கும் மீன்வளப் பாதுகாப்பு நிதிக்கும் போகிறது. 2020 ஜனவரி முதல் தேதி, தன் கடலில் 80 சதவீதத்தை அந்நாடு மீன்பிடிக்கு மூடியது. சில வாரங்களில் கொரோனா வந்தது, எல்லை அடைபட்டது, பயணிகளே இல்லை. உரிமப் பணத்தை விட்டுக்கொடுத்த அதே ஆண்டில் நுழைவுப் பணமும் நின்றது. ஒரே வருமானத்தின் மீது ஒரு காப்பகத்தைக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பலாவ் பட்ட பாடு மற்றத் தீவுகள் படிக்க வேண்டிய பாடம்.

புயலுக்கு எதிராக இப்போது பாறைக்கே காப்பீடு எடுக்கிறார்கள். மெக்சிகோவின் கரீபியன் கரையில் காற்றின் வேகம் ஓர் அளவைத் தாண்டினால் சேதத்தை ஆய்வு செய்யக் காத்திராமல் பணம் வந்துவிடும். 2020-ல் டெல்டா புயலுக்குப் பிறகு சுமார் எட்டு லட்சம் டாலர் அப்படி வந்தது. பயிற்சி பெற்ற முக்குளிப்பாளர்கள் உடைந்த பவளத் துண்டுகளை, சாகும் முன் திரும்ப ஒட்டினார்கள். 2022-ல் லிசா புயல் பெலீஸின் டர்னெஃப் பவளத்தீவைத் தாக்கியபோதும் இதே போன்ற காப்பீடு பணம் தந்தது. ஆப்போவில் இத்தகைய ஏற்பாடு இருந்திருந்தால் நன்றாயிருக்கும்: 2011 டிசம்பரிலும் 2012 டிசம்பரிலும் அடுத்தடுத்து வந்த இரண்டு புயல்கள், முப்பது ஆண்டு காத்த அந்த 450 மீட்டர் பவளத்தை ஏறத்தாழத் துடைத்தெடுத்தன.

கடல் சூடாவதற்கு இந்த வழிகள் எதுவும் போதாது. நீர் சூடானால் பவளம் தன்னுள் வாழும் பாசியை இழந்து வெளிறிப்போகும்; 2024 ஏப்ரலில் இந்த வெளுப்பு உலகளவில் நான்காவது முறையாக நிகழ்வது உறுதிசெய்யப்பட்டது. வலையைத் தடுக்கும் எல்லைக்கோடு வெப்பத்தைத் தடுக்காது. பாசி மேயும் மீன் நிறைந்த பாறை வெளுப்புக்குப் பிறகு மீள வாய்ப்பு கூடுதல், அவ்வளவே. கிளிமீனைக் காப்பது தீவுக்காரரால் முடியும், நீரின் வெப்பத்தைக் குறைப்பது முடியாது. பெர்முடாவின் 722 மில்லியனும் பலாவின் 18 மில்லியனும் பாறை உயிரோடு இருக்கும் என்ற அனுமானத்தின் மேல் நிற்பவை. அந்த அனுமானத்தை உடைக்கும் புகையில் இந்தத் தீவுகளின் பங்கு மிகச் சொற்பம். அந்த இழப்பை எந்தக் கருவூலத்தின் பெயரில் எழுதுவது என்பதைப் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் இன்னும் தொடவேயில்லை.